ஒரேகான் 5: சிட்டிங் எம்.பி.யைச் சொந்தக் கட்சிக்காரர்களே வீட்டுக்கு அனுப்பிய கதை

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒருவரை அவருடைய சொந்தக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலில், தோற்கடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பணம் அவரிடம் இருக்கும், பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், கட்சித் தலைமையும் அவர் பக்கம்தான் நிற்கும். 2022 மே மாதம் ஒரேகான் மாநிலத்தின் 5ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் கர்ட் ஷ்ரேடருக்கு இந்த மூன்றும் இருந்தன, போதாததற்கு அதிபர் பைடனின் பகிரங்க ஆதரவும் இருந்தது. அப்படியும் சவால் வேட்பாளர் ஜேமி மெக்லியாட்-ஸ்கின்னரிடம் தெளிவான வித்தியாசத்தில் தோற்றார்.

அவர் மீது வைக்கப்பட்ட புகார்கள் இரண்டுதான். கட்சிக்கு விசுவாசமாக இல்லை என்பது ஒன்று, மருந்து கம்பெனிகளிடம் தேர்தல் நிதி வாங்கிக்கொண்டு அவர்களுக்குச் சாதகமாக நடக்கிறார் என்பது இன்னொன்று. இதில் புதுசு எதுவும் இல்லை, எந்தத் தொகுதியில் எந்தச் சவால் வேட்பாளர் கிளம்பினாலும் சொல்வது இதைத்தான், பெரும்பாலும் எடுபடாது. விசுவாசப் புகாரைச் சொன்னால் ‘என் தொகுதி அப்படி’ என்று பதில் வரும். பணப் புகாரைச் சொன்னால் ‘எல்லோரும்தான் வாங்குகிறார்கள்’ என்று பதில் வரும். இங்கே எடுபட்டதற்குக் காரணம், ஒரே ஒரு கமிட்டி ஓட்டு இந்த இரண்டு புகாரையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது என்பதுதான். அந்த முடிச்சு விழுந்த நேரம் பார்த்துத் தொகுதியின் எல்லையும் மாறியது.

யார் இந்த ஷ்ரேடர்

தொழிலால் கால்நடை மருத்துவர். போர்ட்லாந்துக்குத் தெற்கே கேன்பி பகுதியில் விவசாயமும் உண்டு. மாநில சட்டமன்றத்தில் பல வருடம் இருந்துவிட்டு 2008இல் காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) ஜெயித்தார், அதிலிருந்து ஏழு முறை தொடர்ந்து. ‘ப்ளூ டாக்’ என்று ஒரு குழு இருக்கிறது, ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே செலவு விஷயத்தில் கறாராகவும் கொள்கையில் நடுவாகவும் இருப்பவர்கள் சேர்ந்தது, அதில் அவர் முக்கியமான ஆள். அப்போதைய 5ஆவது தொகுதியில் சேலம் நகரம், கிளாக்கமஸ் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), கடலோரச் சிற்றூர்கள் எல்லாம் கலந்து கிடந்தன. எந்தப் பக்கமும் சாயக்கூடிய தொகுதி. ஆகவே நடுவழி அரசியலுக்கு அங்கே உண்மையிலேயே ஒரு நியாயம் இருந்தது, அதை மறுக்க முடியாது.

ஆனால் அவருடைய ஓட்டுப் பதிவைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். 2018 நவம்பரில் நான்சி பெலோசி மறுபடி சபாநாயகர் ஆகக் கூடாது என்று 16 ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கடிதம் எழுதினார்கள், அதில் இவர் கையெழுத்தும் உண்டு. 2019 ஜூலையில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கும் மசோதாவை எதிர்த்த ஆறு ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஒருவர். 2020 டிசம்பரில் கொரோனா நிவாரணத் தொகையை ஆளுக்கு 2,000 டாலராக உயர்த்தும் மசோதா வந்தபோது கட்சியில் எதிர்த்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருவர் இவர், இன்னொருவர் இல்லினாயின் டான் லிபின்ஸ்கி. அந்த லிபின்ஸ்கி ஏற்கெனவே அந்த வருட மார்ச்சில் மேரி நியூமன் என்ற சவால் வேட்பாளரிடம் பிரைமரியில் தோற்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர். பக்கத்தில் நின்றவரின் கதி அதுதான் என்றால் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா?

2021 ஜனவரியில் டிரம்ப் மீது இரண்டாவது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவரும் பேச்சு நடந்தபோது, கட்சி உறுப்பினர்களின் தொலைபேசிக் கூட்டத்தில் அதைக் கும்பல் சேர்ந்து ஒருவரைத் தூக்கிலிடுவதோடு ஒப்பிட்டுப் பேசினார். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மீது நடந்த வெறியாட்டத்தைக் குறிக்கும் சொல்லை டிரம்ப்புக்காகப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? செய்தி வெளியே வந்தது, மன்னிப்புக் கேட்டார், நீண்ட நாள் கூடவே இருந்த அரசியல் ஆலோசகர் விலகிப் போனார். சில நாளில் அதே பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாகவே ஓட்டும் போட்டார். இது அவரிடம் திரும்பத் திரும்ப வரும் பழக்கம். முதலில் எதிர்ப்பு, கடைசியில் ஆதரவு. அடுத்த மாதம் பைடனின் 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டம் முதல் முறை சபைக்கு வந்தபோது எதிர்த்த இரண்டு ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஒருவர், மேலவையான செனட்டிலிருந்து மாற்றங்களோடு திரும்பி வந்தபோது ஆதரவு. ஆகஸ்டில் உள்கட்டமைப்பு மசோதாவை முதலில் நிறைவேற்றாவிட்டால் பைடனின் பெரிய சமூகநலத் திட்டத்துக்கான பட்ஜெட் தீர்மானத்தை ஆதரிக்க மாட்டோம் என்று மிரட்டிய ஒன்பது பேரிலும் இவர் இருந்தார்.

இந்திய அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். கொறடா உத்தரவை மீறினால் பதவியே பறிபோகும் என்ற சட்டம் அங்கே கிடையாது. சீட் தருவதும் கட்சித் தலைமை இல்லை. கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டவரை தண்டிக்க இருக்கும் ஒரே வழி பிரைமரி, அதைச் செய்ய வேண்டியவர்கள் சாதாரணக் கட்சி வாக்காளர்கள்.

29க்கு 29

இனி அந்தக் கமிட்டி ஓட்டு. இதைப் புரிந்துகொள்ள 2003க்குப் போக வேண்டும். அந்த வருடம் 65 வயது கடந்தவர்களுக்கான மெடிகேர் காப்பீட்டில் மருந்துச் செலவையும் சேர்த்துச் சட்டம் போட்டார்கள், கூடவே ஒரு நிபந்தனையும் சேர்ந்துகொண்டது: மருந்து விலை பற்றி அரசு கம்பெனிகளுடன் பேரம் பேசக் கூடாது. உலகத்திலேயே மிகப் பெரிய மருந்து வாடிக்கையாளர்களில் ஒருவர் விலை பேசக் கூடாது என்று தனக்குத்தானே வாய்ப்பூட்டு போட்டுக்கொண்ட சட்டம். அந்தப் பூட்டைத் திறப்போம் என்பது ஜனநாயகக் கட்சி தேர்தலுக்குத் தேர்தல் சொல்லி வந்த வாக்குறுதி.

2019 டிசம்பரில் பேரம் பேச அனுமதிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 230க்கு 192 என்று நிறைவேறியது. ஷ்ரேடரும் ஆதரித்தார். அப்போது செனட் குடியரசுக் கட்சி கையில், அதிபர் டிரம்ப், மசோதா அங்கே போய்க் குப்பைத்தொட்டியில்தான் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். 2021இல் நிலைமை வேறு. சபை, செனட், வெள்ளை மாளிகை மூன்றும் கட்சியின் கையில். முதல் முறையாக இது உண்மையில் சட்டமாகக்கூடிய வாய்ப்பு. அந்த செப்டம்பர் 15ஆம் தேதி, எரிசக்தி மற்றும் வர்த்தகக் கமிட்டியில் ஷ்ரேடர், கலிஃபோர்னியாவின் ஸ்காட் பீட்டர்ஸ், நியூயார்க்கின் கேத்லீன் ரைஸ் மூவரும் குடியரசுக் கட்சியினரோடு சேர்ந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். 29க்கு 29. சமநிலை என்றால் தோல்வி.

எதிராளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தோற்கப்போகும் மசோதாவுக்கு ஆதரவு, ஜெயிக்கப்போகும் மசோதாவுக்கு எதிர்ப்பு. ஷ்ரேடர் பக்கத்துக்காரர்கள் அவர் பைடனோடு பெரும்பாலான ஓட்டுகளில் ஒத்துப்போகிறார் என்று கணக்குக் காட்டினார்கள், கணக்கும் சரிதான். ஆனால் நூறு சாதாரண ஓட்டுகளில் கூடவே நின்றுவிட்டு, தன் ஒரு கை தீர்மானிக்கும் இடத்தில் மட்டும் விலகிப்போனால் அந்தச் சதவீதத்துக்கு என்ன மதிப்பு? மெக்லியாட்-ஸ்கின்னர் பிடித்துக்கொண்டது இதைத்தான். அந்தச் சமயம் செனட்டில் பைடன் திட்டத்துக்கு முட்டுக்கட்டையாக இருந்த மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மேன்சினோடு ஒப்பிட்டு, சபையின் மேன்சின் என்று ஷ்ரேடரைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒட்டிக்கொண்டது.

நியாயமாக ஷ்ரேடர் தரப்பையும் சொல்ல வேண்டும். அந்த ஓட்டால் திட்டம் செத்துப்போகவில்லை, வேறொரு கமிட்டியில் அதே அம்சம் நிறைவேறியிருந்தது. பேரமே கூடாது என்று அவர் சொல்லவில்லை, காப்புரிமைப் பாதுகாப்புக் காலம் முடிந்தும் போட்டி வராத மருந்துகளுக்கு மட்டும் என்று பீட்டர்ஸோடு சேர்ந்து சுருக்கமான மாற்று ஒன்றை முன்வைத்தார். பெரிய மசோதா வந்தால் புது மருந்து ஆராய்ச்சி படுத்துவிடும் என்பது அவர் வாதம். நவம்பரில் சமரசம் ஏற்பட்டு சபையில் அதற்கு ஆதரவாக ஓட்டும் போட்டார். பிறகு 2022 ஆகஸ்டில் சட்டமானது அந்தச் சமரசத்தின் வழியில் வந்ததுதான்: புதிதாக வந்த மருந்துகளைச் சில வருடம் தொடாமல், முதலில் 10 மருந்தோடு தொடங்கி மெல்ல மெல்ல விரியும் பேரம். அந்தச் சமரசத்தைத் தன் சாதனை என்றே அவர் பிரசாரத்தில் சொன்னார். தொலைக்காட்சி விளம்பரத்தில் ‘மருந்து விலையைக் குறைக்கப் போராடுபவர்’ என்று அவர் வந்து நின்றபோது எதிர்முகாமுக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

காசு எப்படி வேலை செய்கிறது

பணப் புகாரை இப்போது எடுத்துக்கொள்வோம். கம்பெனி நேரடியாக வேட்பாளருக்குக் காசு தர அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்காது. கம்பெனி சார்பில் ‘பேக்’ என்ற அரசியல் குழு இருக்கும், அது பிரைமரிக்கு 5,000 டாலர், பொதுத்தேர்தலுக்கு 5,000 டாலர் என்று ஒரு வேட்பாளருக்குத் தரலாம். தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. ஆனால் ஒரு துறையில் இருக்கும் அத்தனை கம்பெனியும், அவர்களின் சங்கமும் ஆளுக்கு ஒரு காசோலை தந்தால் கூட்டிப் பாருங்கள். எரிசக்தி மற்றும் வர்த்தகக் கமிட்டி மருந்து, தொலைத்தொடர்பு, மின்சாரம் என்று பசையான துறைகளைக் கையில் வைத்திருக்கிறது, அதில் இடம் பிடிக்க அடிதடி நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்துத் துறையிடமிருந்து அதிகம் பெற்ற சபை உறுப்பினர்கள் வரிசையில் ஷ்ரேடர் முன்னால் இருந்தார். போதாக்குறைக்கு அவருடைய தாத்தா ஃபைசர் கம்பெனியில் உயரதிகாரி, அவர் விட்டுச் சென்ற சொத்து ஷ்ரேடருக்கு வந்தது என்பதும் ஊரறிந்த விஷயம். தாத்தா எங்கே வேலை பார்த்தார் என்பது ஒரு குற்றமா என்றால் இல்லை, அதை வைத்து அடிப்பது கொஞ்சம் மலிவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிரசாரம் என்று வந்துவிட்டால் யார் விடுவார்கள்.

காசு வாங்கியதால்தான் ஓட்டுப் போட்டாரா? இதை யாராலும் நிரூபிக்க முடியாது. என்னைக் கேட்டால் அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் சொல்வேன். கம்பெனிகளும் முட்டாள்கள் இல்லை, மனசு மாற்ற வேண்டிய ஆளைத் தேடிக் காசு செலவழிப்பதில்லை, ஏற்கெனவே தங்களைப் போல யோசிக்கும் ஆள் தோற்றுவிடக் கூடாது என்று செலவழிக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் புகார் இன்னும் கனமாகிறது. ‘லஞ்சம் வாங்கினார்’ என்பதை மறுக்கலாம், ‘இவரை அங்கே உட்கார வைத்திருப்பது யாருக்கு லாபம்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். மெக்லியாட்-ஸ்கின்னர் கார்ப்பரேட் பேக் காசை வாங்க மாட்டேன் என்று சொல்லியே களமிறங்கினார்.

பிரைமரி நெருங்கியதும் சூப்பர் பேக்குகள் வந்து இறங்கின. இவற்றுக்கு வரம்பே கிடையாது, வேட்பாளரோடு கலந்து பேசக் கூடாது என்பது மட்டும்தான் விதி. மருந்துத் துறைப் பணம் பெற்ற ‘சென்டர் ஃபார்வர்ட்’ ஒரு பக்கம், லிங்க்ட்இன் நிறுவனர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மன் பணத்தில் ஓடிய ‘மெயின்ஸ்ட்ரீம் டெமாக்ரட்ஸ்’ இன்னொரு பக்கம், ஷ்ரேடருக்காக லட்சக்கணக்கில் டாலரை இறைத்தன. ஒருவர் மருந்து கம்பெனிகளின் ஆள் இல்லை என்று ஊருக்குச் சொல்வதற்கான விளம்பரத்தில் மருந்து கம்பெனிகளின் பணமும் இருந்தால் அது யாருக்கு விளம்பரம்? அந்த வசந்த காலத்தில் ஒரேகானில் வெளிக்காசு மீதே ஒரு வெறுப்பு பரவியிருந்தது. பக்கத்து 6ஆவது தொகுதியில் கிரிப்டோ கோடீஸ்வரர் சாம் பேங்க்மன்-ஃப்ரைட் பணத்தில் ஓடிய குழு ஒன்று, அரசியலுக்குப் புதிதான கேரிக் ஃபிளின் என்பவருக்காக ஒரு கோடி டாலருக்கு மேல் கொட்டியது. அவரும் அதே நாளில் தோற்றார்.

வரைபடமும் கட்சிக்காரர்களும்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரேகானுக்கு ஆறாவதாக ஒரு இடம் கிடைத்தது, எல்லாத் தொகுதிகளையும் மறுபடி வரைந்தார்கள். ஷ்ரேடரின் தொகுதியிலிருந்து கடலோரம் போனது, பதிலுக்கு கேஸ்கேட் மலையைத் தாண்டி பெண்ட் நகரமும் டெஷூட்ஸ் கவுண்டியின் பகுதிகளும் வந்து சேர்ந்தன. வாக்காளர்களில் பாதிப் பேருக்கு அவர் முகம் புதுசு. சிட்டிங் உறுப்பினருக்கு இருக்கும் பெரிய பலமே பழக்கம்தான்: அலுவலகத்தில் போய் நின்றால் பென்ஷன் பிரச்சினையைத் தீர்த்துவைத்திருப்பார், பள்ளி விழாவுக்கு வந்திருப்பார். பெண்ட் நகரத்தில் இருப்பவருக்கு அப்படி எதுவும் கிடையாது, அவரைப் பற்றி முதலில் காதில் விழுந்ததே அந்த மருந்து ஓட்டுதான். மெக்லியாட்-ஸ்கின்னரோ மத்திய ஒரேகான்காரர். 2018இலேயே மலைக்கு அந்தப் பக்கத் தொகுதியில் குடியரசுக் கட்சியின் கிரெக் வால்டனை எதிர்த்து நின்று தோற்றவர், 2020 காட்டுத்தீக்குப் பிறகு மீட்பு வேலைகளில் இருந்தவர்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் சுவாரஸ்யமாகப் பட்டது உள்ளூர்க் கட்சி அமைப்புகள் நடந்துகொண்ட விதம். டெஷூட்ஸ், லின், மேரியன், கிளாக்கமஸ் ஆகிய நான்கு கவுண்டிகளின் ஜனநாயகக் கட்சி அமைப்புகளும் வழக்கத்துக்கு மாறாகச் சிட்டிங் உறுப்பினரை விட்டுவிட்டுச் சவால் வேட்பாளரை ஆதரித்தன. கிளாக்கமஸ் அவருடைய சொந்தக் கோட்டை. துண்டறிக்கை கொடுத்து, கதவு தட்டி, போன் போட்டு அவரை ஏழு முறை ஜெயிக்க வைத்த ஆட்கள் இவர்கள்தான். சிட்டிங் உறுப்பினர்களுக்கே ஆதரவு என்பது காங்கிரஸ் தேர்தல் வேலைகளைப் பார்க்கும் தேசியக் குழுவின் நெடுநாள் கொள்கை. சவால் வேட்பாளருக்கு வேலை செய்யும் ஆலோசனை நிறுவனங்களைப் புறக்கணிப்போம் என்றுகூட 2019இல் ஒரு விதி போட்டு வைத்திருந்தார்கள், எதிர்ப்புக் கிளம்பி 2021இல்தான் கைவிட்டார்கள். ஏப்ரலில் பைடன் ஷ்ரேடரை ஆதரித்து அறிக்கை விட்டார், முக்கியமான நேரங்களில் தன் பக்கம் நின்றார் என்ற பொருளில். தன் திட்டத்தை இழுத்தடித்தவருக்கு அதிபர் ஏன் நற்சான்று தருகிறார் என்று கீழே இருந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எதிர்முகாமில் செனட்டர் எலிசபெத் வாரன் இருந்தார்.

படிக்க முடியாத பார்கோடு

மே 17 வாக்குப்பதிவு. ஒரேகானில் எல்லாமே தபால் ஓட்டு. கிளாக்கமஸ் கவுண்டியில் அச்சடித்த வாக்குச்சீட்டுகளில் பெரும்பகுதியில் பார்கோடு மங்கலாக விழுந்திருந்தது, எண்ணும் இயந்திரம் அவற்றைத் துப்பித் தள்ளியது. இது மே மாத ஆரம்பத்திலேயே தெரிந்தும் உரிய ஏற்பாடு செய்யவில்லை என்று கவுண்டி நிர்வாகம் வாங்கிக் கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த இருவராக உட்கார்ந்து, ஒவ்வொரு பழுதான சீட்டையும் பார்த்துப் புதுச் சீட்டில் கையால் பிரதி எடுத்து, பிறகு அதை இயந்திரத்தில் விட்டார்கள். மற்ற துறை ஊழியர்களையும் இழுத்து வந்து உட்கார வைத்தும் நாள் கணக்கில் இழுத்தது. முதல் நாள் இரவே மெக்லியாட்-ஸ்கின்னர் முன்னிலை, ஆனால் மீதி இருப்பது ஷ்ரேடரின் சொந்தக் கவுண்டி என்பதால் யாரும் முடிவை அறிவிக்கத் துணியவில்லை. மே 27இல் செய்தி நிறுவனங்கள் அறிவித்தபோது கிளாக்கமஸ் அவரைக் காப்பாற்றவில்லை என்பது தெளிவானது. பெண்ட் பக்கம் விழுந்த பள்ளத்தை மூட அங்கே போதுமான ஓட்டே இல்லை.

நவம்பர், அப்புறம் 2024

இங்கேயே முடித்தால் நல்ல கதை. ஆனால் பொதுத்தேர்தலில் மெக்லியாட்-ஸ்கின்னர் தோற்றார். ஹேப்பி வேலி ஊரின் முன்னாள் மேயர், குடியரசுக் கட்சியின் லோரி சாவேஸ்-டிரெமர், சுமார் 7,000 ஓட்டில் ஜெயித்தார், வித்தியாசம் 2 புள்ளி. 2020 கணக்குப்படி பைடன் நன்றாகவே முன்னிலை பெற்றிருந்த பகுதி அது. அந்த வருடம் குடியரசுக் கட்சி 222 இடத்தோடு சபையைப் பிடித்தது. 218 போதும் என்ற இடத்தில் இப்படி ஒரு இடம் கைவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது.

‘அப்போதே சொன்னோமே’ என்று ஷ்ரேடர் பக்கம் ஆரம்பித்தது. அவரால் மட்டும்தான் ஜெயிக்க முடியும் என்பதுதானே அவர்களின் மூல வாதம். எனக்கு இது பாதிதான் ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது. அந்த வருடம் ஒரேகானில் ஆளுநர் கேட் பிரவுன் மீது கடுப்பு, போர்ட்லாந்தின் நிலைமை பற்றி எரிச்சல், ஆளுநர் போட்டியே மூன்று முனையாகி இழுபறி. ஷ்ரேடர் நின்றிருந்தால் 2 புள்ளியைச் சரிக்கட்டியிருப்பாரா? இருக்கலாம். அதே சமயம், கதவு தட்டும் நான்கு கவுண்டித் தொண்டர்களும் கைகட்டி உட்கார்ந்திருந்தால் அவருக்கும் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று அந்தப் பக்கம் யாரும் கணக்குப் போட்டுக் காட்டியதில்லை. டெக்ஸஸ் எல்லையோரம் ஹென்றி குவேயார் இதே மாதிரிப் புகார்களோடு வந்த ஜெசிகா சிஸ்னெரோஸை அதே 2022இல் வெறும் 289 ஓட்டில் சமாளித்து, நவம்பரில் வசதியாக ஜெயித்தார். ஆனால் அவர் தொகுதியில் பழைய வாக்காளர்களும் பழைய பழக்கமும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஷ்ரேடருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

2024இல் மெக்லியாட்-ஸ்கின்னர் மறுபடி பிரைமரிக்கு வந்தார். இந்த முறை தேசியக் குழு வெளிப்படையாகவே மாநில சட்டமன்ற உறுப்பினர் ஜானெல் பைனம் பக்கம் நின்றது. அவர்களின் கணக்கு எளிமையானது: பைனம் சாவேஸ்-டிரெமரை மாநில சட்டமன்றத் தேர்தலில் 2016லும் 2018லும் இரண்டு முறை தோற்கடித்தவர். பைனம் பிரைமரியைச் சுலபமாக ஜெயித்தார், நவம்பரில் மூன்றாவது முறையாக சாவேஸ்-டிரெமரையும் தோற்கடித்து, ஒரேகானிலிருந்து காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் ஆனார். டிரம்ப் நாடு முழுக்க ஜெயித்த வருடம் அது. ‘ஷ்ரேடரை விட்டால் அந்தத் தொகுதியில் ஆளில்லை’ என்ற வாதம் அத்தோடு படுத்துவிட்டது. தோற்ற சாவேஸ்-டிரெமர் 2025இல் டிரம்ப்பின் தொழிலாளர் துறைச் செயலாளராகப் போய்ச் சேர்ந்தார்.